சிறுநீரகத் தழும்பும் வைட்டமின் டியும்: வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

வைட்டமின் டி குறைவு என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அந்த ஒரு விஷயத்துக்கே.

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். சிறுநீரில் புரதம் அதிகமாகப் போகிறது என்று பயாப்சி எடுத்தார்கள். ‘இன்டர்ஸ்டீஷியல் ஃபைப்ரோசிஸ் 30 சதவீதம்’ என்று வந்திருக்கிறது, அதாவது சிறுநீரகக் குழாய்களுக்கு நடுவே தழும்பாம். ரத்தத்தில் வைட்டமின் டி 11 தான். டி குறைந்ததால்தான் தழும்பு விழுந்ததா? மாத்திரை கொடுத்தால் தழும்பு மறையுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்பிக்கையை அதில்தான் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மறையாது. விழுந்துவிட்ட தழும்பை எடுத்துவிடுகிற வைட்டமின் எதுவும் இன்று இல்லை. ஆனால் 11 என்பது நிச்சயம் குறைவு. ஒரு மில்லி ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே போனாலே குறைபாடு என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம் (சில லேப்களில் நானோமோல் கணக்கில் தருவார்கள், அங்கே அதே அளவு 50 என்று வரும், அலகைப் பார்க்காமல் இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பயந்துவிடாதீர்கள்). எலும்புக்காகவும் தசைக்காகவும் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் சிறுநீரகத்துக்கு மருந்து கொடுத்தாயிற்று என்று அதோடு நின்றுவிடக் கூடாது.

இனி முதல் கேள்வி. தோலில் ஆழமாக வெட்டுப்பட்டால் தழும்போடு ஆறுகிறது இல்லையா, சிறுநீரகத்துக்குள்ளும் ஏறக்குறைய அதே வேலைதான். தோலில் காயம் ஒரு முறை படுகிறது, இங்கே உயர்ந்த சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கசிந்து வரும் புரதமும் தினமும் காயப்படுத்திக்கொண்டே இருப்பதால் ஆற்றும் வேலையும் நிற்பதே இல்லை. சிறுநீர் ஓடும் நுண்குழாய்களின் அடிபட்ட செல்கள் ரசாயனச் சமிக்ஞைகளை அனுப்புகின்றன, அழற்சிச் செல்கள் வந்து சேர்கின்றன, குழாய்களுக்கு நடுவே சும்மா இருந்த செல்கள் மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற வகையாக மாறிக் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்ட ஆரம்பிக்கின்றன. கொலாஜன் சேரச் சேர நடுவில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் குறைந்துபோகின்றன, ஆக்ஸிஜன் போதாமல் பக்கத்துக் குழாய் சுருங்கிச் சாகிறது, அதுவே அடுத்த காயமாகிறது. அப்பாவின் ரிப்போர்ட்டில் உள்ள 30 சதவீதம், ஊசியில் வந்த துண்டில் எவ்வளவு பரப்பு இப்படி ஆகியிருக்கிறது என்ற மதிப்பீடு. மீதி 70 இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நாங்கள் செய்கிற சிகிச்சை முழுவதும் அந்த 70-ஐக் காப்பாற்றத்தான்.

இதில் வைட்டமின் டி காரணமா, விளைவா? ரத்தத்தில் டி குறைவாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் வேகமாகக் கெடுவதைப் பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, உண்மை. ஆனால் ரத்தத்தில் டியைச் சுமந்து செல்வதற்கென்று ஒரு புரதம் இருக்கிறது. சிறுநீரில் புரதம் அதிகமாகக் கசியும்போது அதுவும் கசிகிறது, சுமையோடு சேர்த்து. உடம்பு முடியாதவர்கள் வெளியே போவது குறைகிறது. பருமனானவர்களுக்கு ரத்தத்தில் டி குறைவாகவே காட்டும், சர்க்கரை நோயும் அவர்களிடம் அதிகம். ஆக, நோய் முற்றுவதும் டி குறைவதும் சேர்ந்தே நடக்கும், ஒன்று இன்னொன்றைக் கொண்டுவந்தது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் அப்பாவுக்குத் தழும்பு விழுந்ததற்கு முதல் காரணம் பெரும்பாலும் சர்க்கரைதான். டி குறைவு அந்தத் தழும்பு வளர்வதற்கு ஓரளவு இடம் கொடுத்திருக்கலாம், அது எப்படி என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: வைட்டமின் டி எலும்புக்குத்தானே? சிறுநீரகத் தழும்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நான் உயிரியல் படிக்கும் மாணவி, கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

பதில்: நல்லது, விளக்கமாகவே சொல்கிறேன், எனக்கும் பிடித்த பகுதி இது.

தோலில் வெயில் பட்டு உண்டாகிற டி, அல்லது மாத்திரையில் வருகிற டி, அப்படியே வேலை செய்யாது. முதலில் கல்லீரலில் ஹைட்ராக்ஸில் என்ற சிறு வேதித் தொகுதி ஒன்று சேர்கிறது. லேபில் அளப்பது இந்த வடிவத்தைத்தான். அப்புறம் சிறுநீரகத்தில் இன்னொன்று சேர்ந்து கால்சிட்ரியால் ஆகிறது, வீரியம் உள்ளது அதுதான். இந்தக் கடைசிப் படி சிறுநீரகத்தில் நடக்கிறது என்பதை 1970-ல் கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் காட்டினார்கள், சிறுநீரகத்தை எடுத்துவிட்ட எலிகளில் அந்த வடிவம் உண்டாகவில்லை. ஆகவே சிறுநீரகம் டியைப் பயன்படுத்துகிற உறுப்பு மட்டுமல்ல, அதைத் தயாரிக்கிற உறுப்பும்கூட. நோயில் இந்தத் தயாரிப்பு பல வழிகளில் தடைபடுகிறது. வடிகட்டி இறங்கும் டியைத் திரும்ப உள்ளே இழுக்கிற மெகாலின் என்ற ஏற்பி (குறிப்பிட்ட பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) நுண்குழாயில் இருக்கிறது, குழாய் கெட்டால் அந்த வேலையும் கெடும். எலும்பிலிருந்து வரும் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன், நோயின் ஆரம்பத்திலேயே, பாஸ்பரஸை வெளியேற்றுவதற்காக உயர்கிறது, உயரும்போது கால்சிட்ரியால் தயாரிப்பை அடக்கியும் விடுகிறது. அதனால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்ற நிலையிலேயே கால்சிட்ரியால் இறங்கத் தொடங்கியிருக்கும்.

சரி, கால்சிட்ரியால் தழும்பை என்ன செய்கிறது? அது செல்லுக்குள் போய் வைட்டமின் டி ஏற்பியோடு சேர்ந்து நேரே டிஎன்ஏவில் உட்கார்ந்து மரபணுக்களைக் கூட்டிக் குறைக்கிற ஹார்மோன். அந்த ஏற்பி சிறுநீரகத்தின் பல வகைச் செல்களில் இருக்கிறது. தழும்பு விழுவதற்கான மிகப் பெரிய கட்டளை டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்திடமிருந்து வருகிறது. அது ஸ்மாட்-3 என்ற தூதரை உட்கருவுக்கு அனுப்பி, கொலாஜன் மரபணுக்களை இயக்குகிறது. டி ஏற்பி இந்த ஸ்மாட்-3-இன் வேலையில் குறுக்கிடுகிறது. 2013-ல் கல்லீரல் செல்களில் இதை விரிவாகக் காட்டினார்கள், டிஎன்ஏவில் ஸ்மாட்-3 உட்காரும் இடங்களுக்குப் பக்கத்திலேயே டி ஏற்பியும் வந்து உட்கார்ந்து அதை விலக்குகிறது. அதே ஆண்டில் சிறுநீரகத் தழும்பிலும் இதையொத்த முடிவு எலிகளில் வந்தது. இது போக அழற்சியைத் தூண்டுகிற என்எஃப்-கப்பா-பி பாதையையும் டி தணிக்கிறது.

இன்னொரு வழி ரெனின், சிறுநீரகம் சுரக்கும் ஒரு பொருள். ரெனின் கூடினால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் கூடும், அது ரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு நிற்காமல் சிறுநீரகத்துக்குள்ளேயே டிஜிஎஃப்-பீட்டாவையும் தூண்டிவிடும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், டி ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளுக்கு ரெனின் பல மடங்கு உயர்ந்து, ரத்த அழுத்தம் ஏறி, இதயமும் தடித்திருந்தது. ரெனினை அடக்கி வைப்பது டியின் வேலைகளில் ஒன்று என்று தெளிவானது அப்போதுதான்.

தழும்பை ஆராய எலியின் ஒரு பக்கச் சிறுநீர்க் குழாயைக் கட்டிவிடுவார்கள், ஓரிரு வாரத்தில் அந்தப் பக்கம் தழும்பு நிறைந்துவிடும். 2006-ல் இந்த எலிகளுக்கு டியைப் போலவே வேலை செய்யும் பாரிகால்சிட்டால் என்ற மருந்தைக் கொடுத்தபோது தழும்பு குறைந்தது. 2010-ல் டி ஏற்பி இல்லாத எலிகளில் இதே கட்டைப் போட்டபோது தழும்பு மற்ற எலிகளைவிட மோசமாக இருந்தது. அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதற்கடுத்த படி: ஆஞ்சியோடென்சினைத் தடுக்கிற லோசார்டன் மருந்தைக் கொடுத்ததும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. அதாவது, அந்த எலிகளில் டி தந்த பாதுகாப்பில் பெரும்பங்கு ரெனினை அடக்குவதன் வழியாகத்தான் வந்தது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலிகளில் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால், சிறுநீரக நோயாளிகள் எல்லோருக்கும் ஏன் கொடுப்பதில்லை? மருந்து மலிவு என்பதால் யாருக்கும் அக்கறை இல்லையா?

பதில்: இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் அக்கறை இல்லாமல் விட்டுவிடவில்லை, மனிதர்களில் சோதித்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் வரவில்லை.

2010-ல் வெளியான ஒரு சோதனையில், சர்க்கரை நோயால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகும் 281 பேருக்கு, ஏற்கெனவே எடுத்துவந்த ஆஞ்சியோடென்சின் தடுப்பு மருந்தோடு பாரிகால்சிட்டால் அல்லது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை 24 வாரம் கொடுத்தார்கள். அதிக அளவு எடுத்தவர்களுக்கு அல்புமின் சுமார் 20 சதவீதம் இறங்கியது. நல்ல அறிகுறிதான், ஆனால் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் புள்ளியியல் கணக்கில் எல்லைக்கோட்டில் நின்றுவிட்டது. தவிர, அல்புமின் குறைந்தது என்பதை வைத்துத் தழும்பு குறைந்தது என்று சொல்லிவிட முடியாது, யாருக்கும் மறுபடி பயாப்சி எடுத்துப் பார்க்கவில்லை.

அடுத்தது 2019. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 1312 பேர், தினமும் 2000 யூனிட் டி3 (மாத்திரையாக வரும் சாதாரண வைட்டமின் டி) அல்லது வெறும் மாத்திரை, ஐந்து ஆண்டுகள். கடைசியில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியிருந்தது. இதையும் கவனமாகத்தான் படிக்க வேண்டும்: அவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது, கடும் டி குறைபாடும் இல்லை. உங்களில் 8, 10 என்று ரிப்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போதுமான அளவு இருப்பவர் மேலும் மேலும் விழுங்கினால் சிறுநீரகம் பிழைக்கும் என்ற எண்ணத்துக்கு அதில் ஆதாரம் இல்லை.

எலிக்கும் நமக்கும் ஏன் இந்த இடைவெளி? எலியில் காயமும் மருந்தும் ஒரே வாரத்தில் தொடங்குகின்றன, மனிதருக்குப் பல ஆண்டுத் தழும்புக்குப் பிறகுதான் மருந்து வருகிறது. எலிக்குக் கொடுப்பது பெரும்பாலும் வீரிய வடிவம், மனிதருக்கு அதே விகிதத்தில் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். அப்புறம், மேலே லோசார்டன் விஷயத்தை மனதில் வைக்கச் சொன்னேனே, இந்த நோயாளிகளில் பலர் அந்த வகை மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள். டி எந்த வாசலை அடைக்குமோ அது ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கிறது. இந்தக் கடைசிக் காரணம்தான் வலுவானது என்பது என் கருத்து.

கேள்வி: வெயிலில் தினமும் நின்றால் போதாதா?

பதில்: சிறுநீரக நோய் இருந்தாலும் தோல் தன் வேலையைச் செய்யும், லேபில் அளக்கிற அளவு ஏறும். கடைசிப் படிக்குத் தேவையான சிறுநீரகத் திசு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வெயில் மாற்றாது. வெளியே நடமாடுவது நல்லது, நடங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் மட்டும் வெயிலைத் தவிர்க்க வேண்டும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளால் அவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் கூடுதல்.

கேள்வி: எனக்கு இஜிஎஃப்ஆர் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) 48. வைட்டமின் டி சிறுநீரகத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையை மூன்று மாதமாகத் தினமும் போடுகிறேன். கூடவே கால்சியம் மாத்திரையும். இப்போது மலச்சிக்கலும் குமட்டலும், ராத்திரி அடிக்கடி சிறுநீரும் போகிறது. சர்க்கரையாக இருக்குமோ?

பதில்: தயவுசெய்து இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். நாளை என்று தள்ளாமல் மருத்துவரிடம் போய் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், கிரியேட்டினின், வைட்டமின் டி நான்கையும் பாருங்கள், என்ன மாத்திரை எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கால்சியம் ஏறியதற்கு அப்படியே பொருந்துகின்றன. தாகம், தளர்ச்சி, மனக்குழப்பம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தயாசைடு வகை மாத்திரை எடுப்பவர் என்றால் இன்னும் அவசரம், அது கால்சியத்தை மேலும் ஏற்றும்.

வளர்ந்தவர்கள் தாமாகவே எடுப்பதற்கு உச்ச வரம்பு என்று சொல்லப்படுவது ஒரு நாளைக்கு 4000 யூனிட். நீங்கள் அதைப் போல 15 மடங்கு எடுத்திருக்கிறீர்கள். வைட்டமின் டி கொழுப்பில் தங்கும், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும், அதனால் ஒரு முறை பார்த்துவிட்டு விட்டுவிடாமல் கால்சியத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இதை நான் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொல்கிறேன். கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, நீர்ச்சத்து போகிறது, கால்சியம் உப்பு நுண்குழாய்களிலும் அவற்றைச் சுற்றியும் படிகிறது. அப்படிப் படிந்த இடத்தில் அழற்சி, அப்புறம் தழும்பு. எதைத் தடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்களோ அதையே அளவு மீறிய டி கொண்டுவந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதுதான், அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

கேள்வி: என் நான்கு வயது மகளுக்குக் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்தது. டிஎம்எஸ்ஏ என்ற சிறுநீரக ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் தழும்பு என்கிறார்கள். வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுத்தால் கரைந்துவிடுமா?

பதில்: இது வேறு வகைத் தழும்பு அம்மா, உங்கள் மகளுக்கு ஒரு இடத்தில் ஒரு தொற்றால் விழுந்தது. முதலில் ஸ்கேன் எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள். தொற்று இருந்தபோதோ அடுத்த சில வாரங்களிலோ எடுத்தால் தற்காலிக வீக்கமும் தழும்பு போலத் தெரியும், நிரந்தரத் தழும்பா என்று தெரிய நாலைந்து மாதம் கழித்து எடுக்க வேண்டும். உண்மையான தழும்பு என்றால் சொட்டு மருந்தால் கரையாது. வயதுக்குத் தேவையான அளவு டி கொடுங்கள், அது அவள் எலும்புக்கு. சிறுநீரகத்துக்குச் செய்ய வேண்டியவை: காய்ச்சல் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், மலச்சிக்கல் இல்லாமல் பாருங்கள், சிறுநீர் பின்னோக்கிப் போகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தம் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் சின்னத் தழும்போடு ஆரோக்கியமாக வளர்ந்து பெரியவர்களானவர்கள் ஏராளம்.

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீரக நோய் நான்காம் நிலை. ஒரு டாக்டர் சாதாரண டி3 எழுதினார், இன்னொருவர் கால்சிட்ரியால் எழுதினார். எது சரி?

பதில்: இரண்டும் வேறு வேறு காரணத்துக்கு, ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. டி3 கையிருப்பை நிரப்புகிறது. கால்சிட்ரியால் சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையைத் தாண்டி நேரே வீரிய வடிவத்தைக் கொடுக்கிறது, ஆல்ஃபாகால்சிடாலும் அப்படித்தான், அதற்குக் கல்லீரல் மட்டும் உதவினால் போதும். இவை, ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோன் கட்டுமீறி ஏறும்போது அதை அடக்கக் கொடுப்பவை, தழும்புக்காகக் கொடுப்பவை அல்ல. டயாலிசிஸுக்குப் போகாத நோயாளிகளுக்கு இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், நான்காம் ஐந்தாம் நிலையில் பாராதைராய்டு மிகவும் ஏறி மேலும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் கொடுங்கள் என்று கேடிகோ என்ற சர்வதேச வழிகாட்டுதல் 2017-ல் சொன்னது, சோதனைகளில் கால்சியம் ஏறியதுதான் காரணம். ஆகவே இரண்டாவது டாக்டரிடம் அம்மாவின் பாராதைராய்டு அளவு என்ன, மூன்று மாதத்துக்கு முன் என்ன இருந்தது என்று கேளுங்கள். விடை அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

கேள்வி: டி இல்லை என்றால், தழும்பு பரவாமல் தடுக்க வேறு என்னதான் இருக்கிறது?

பதில்: இருக்கிறது, முன்னைவிட இப்போது நிறையவே இருக்கிறது, வைட்டமின் பற்றி வந்த கடிதங்களில் பாதியாவது இதைப் பற்றி வந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். லோசார்டன், இர்பெசார்டன் இரண்டும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகச் சரிவை மெதுவாக்குகின்றன என்று 2001-லேயே நிரூபணமானது. அடுத்து, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி-2 தடுப்பு மருந்துகள்: கானாகிளிஃப்ளோசின் 2019, டாபாகிளிஃப்ளோசின் 2020, எம்பாகிளிஃப்ளோசின் 2022 என்று வரிசையாகப் பெரிய சோதனைகளில் வென்றன, பின்னிரண்டும் சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் தந்தன. 2020-ல் ஃபினெரெனோன், அது அழற்சியையும் தழும்பையும் தூண்டுகிற ஆல்டோஸ்டிரோன் பாதையைத் தடுக்கிறது. 2024-ல் செமாகுளுடைடு என்ற சர்க்கரை நோய் மருந்தும் இந்த வரிசையில் சேர்ந்தது. எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது, பொட்டாசியம் ஏறலாம், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதைத் தீர்மானிக்க உங்கள் டாக்டர் இருக்கிறார். கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையை விடுவது இவை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மூட்டு வலிக்கு நீங்களே வாங்கிப் போடும் வலி மாத்திரையை மட்டும் தனியாகச் சொல்கிறேன், அதை விடுங்கள்.

கேள்வி: டாக்டர் எழுதிய டி மாத்திரையை எடுக்கிறேன். எப்போது மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்?

பதில்: சாதாரண டி3 என்றால் சுமார் மூன்று மாதம் கழித்து, அதற்கு முன் பார்த்தால் அளவு இன்னும் நிலைபெற்றிருக்காது. டியோடு கால்சியம், பாஸ்பரஸ், கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். கால்சிட்ரியால், ஆல்ஃபாகால்சிடால் எடுப்பவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது, ஆரம்பித்த சில வாரங்களிலேயே கால்சியம் பார்க்க வேண்டும், அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் அப்படியே. அவர்களுக்கு லேபில் அளக்கிற வழக்கமான வைட்டமின் டி எண் அந்த மருந்தைக் காட்டாது, அதனால் டி அளவு சாதாரணமாகத்தானே இருக்கிறது என்று கால்சியம் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.